சராசரிக்கு ஓர் அளவை பிறந்த கதை

ஹார் அளவை என்ற பெயரைக் கணித முதுகலை படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு குலத்தின் எல்லா உறுப்புகள் மீதும் பாரபட்சமில்லாமல் சராசரி எடுக்க உதவும் கருவி அது. பாடநூல்கள் அந்தக் கதையை 1933-ல் ஆல்ஃபிரெட் ஹாரைக் கொண்டு ஆரம்பிக்கும். நிறுவலைச் சில பக்கங்களில் முடித்துக்கொண்டு மேலே போய்விடும். உண்மையில் பிள்ளை பிறந்தது 1897-ல், சூரிச்சில். பெயர் வைத்ததுதான் 36 வருடம் கழித்து, வேறொரு வீட்டில்.

பெற்றவர் அடால்ஃப் ஹுர்விட்ஸ். கோனிக்ஸ்பெர்க்கில் இளம் ஆசிரியராக இருந்த காலத்தில் ஹில்பர்ட்டோடும் மின்கோவ்ஸ்கியோடும் தினமும் ஓர் ஆப்பிள் மரம் வரை நடந்துபோய்க் கணிதம் பேசியவர். 1892-ல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். அவரை இந்த வேலைக்குள் இழுத்தது ஹில்பர்ட்டின் ஒரு தேற்றம்.

ஒரு குலம் ஓர் இடத்தின் மீது செயல்படுகிறது என்றால், அதன் ஒவ்வோர் உறுப்பும் அந்த இடத்தின் புள்ளிகளை இடம் மாற்றுகிறது என்று பொருள். தளத்தைச் சுழற்றும் சுழற்சிகள் ஒரு குலம். எவ்வளவு சுழற்றினாலும் மதிப்பு மாறாத கோவைகள் சில உண்டு. மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம் அப்படிப்பட்டது. இவற்றை மாறாக் கோவைகள் என்போம். எண்ணற்ற மாறாக் கோவைகள் இருந்தாலும், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைப் பெருக்கியும் கூட்டியும் மற்ற எல்லாவற்றையும் உண்டாக்கிவிடலாம் என்று ஹில்பர்ட் 1890-ல் காட்டினார். அந்த நிறுவலில் ஓர் இடம் உண்டு. எந்த மாறாக் கோவையையும் அடிப்படைக் கோவைகளின் சேர்க்கையாக எழுதியாயிற்று. ஆனால் அவற்றைப் பெருக்கும் கெழுக்கள் மாறாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கண்டபடி கிடக்கும் கோவையை வாங்கி மாறாக் கோவையாகத் திருப்பித் தரும் ஒரு வழி வேண்டும். நேரியல் உருமாற்றங்கள் அனைத்தையும் கொண்ட பெரிய குலத்துக்குக் கெய்லி என்ற கணிதர் உண்டாக்கிய வகையிடல் முறை கைவசம் இருந்தது. சுழற்சிக் குலத்துக்கு அது உதவவில்லை.

ஹுர்விட்ஸ் செய்தது, சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். கோவையை எல்லாச் சுழற்சிகளுக்கும் உட்படுத்து, கிடைக்கும் விடைகளுக்கெல்லாம் சராசரி எடு. சராசரியை மறுபடி சுழற்றினால் பட்டியலின் வரிசைதான் கலையும், பட்டியல் மாறாது. ஆகவே சராசரியும் மாறாது.

தளத்திலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு புள்ளியின் கிடைத் தூரத்தை வர்க்கப்படுத்துங்கள். இது மாறாக் கோவை அல்ல. புள்ளியைச் சுழற்றினால் மதிப்பு மாறும். ஒரு கோணம் சுழற்றிய பிறகு புதிய கிடைத் தூரம் என்பது பழைய கிடைத் தூரத்தின் கொசைன் மடங்கிலிருந்து செங்குத்துத் தூரத்தின் சைன் மடங்கைக் கழித்தது. இதை வர்க்கப்படுத்தினால் மூன்று உறுப்புகள் வரும். 0 முதல் 360 பாகை வரை சராசரி எடுக்கும்போது கொசைன் வர்க்கம் அரையாகும், சைன் வர்க்கமும் அரையாகும், நடுவிலுள்ள பெருக்கல் உறுப்பு தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துபோகும். மிஞ்சுவது இரு வர்க்கங்களின் கூடுதலில் பாதி. அதாவது மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தில் பாதி. மாறும் ஒன்றை உள்ளே போட்டோம், மாறாத ஒன்று வெளியே வந்தது.

தளத்தில் சுலபம், ஒரே கோணம். முப்பரிமாணத்துக்குப் போனவுடன் சிக்கல். அங்கே ஒரு சுழற்சியைச் சொல்ல ஆய்லரின் மூன்று கோணங்கள் வேண்டும். மூன்றையும் சமமாக ஓடவிட்டுச் சராசரி எடுத்தால் விடை தப்பு. காரணத்தைப் பூமி உருண்டையில் பார்க்கலாம். முதல் இரண்டு கோணங்கள் வடதுருவம் சுழன்று எங்கே போய் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவது அந்த இடத்தில் நின்றபடியே சுற்றுவது. நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை வரையுள்ள பட்டையும், 80 பாகையிலிருந்து துருவம் வரையுள்ள தொப்பியும் கோணக் கணக்கில் ஒரே அகலம். பரப்பில் பட்டை 11 மடங்குக்கும் மேல் பெரியது. இரண்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்தால் துருவத்துப் பக்கம் ஓரவஞ்சனை செய்ததாகிவிடும். அதனால் நடுக்கோணத்தின் சைனால் ஒவ்வொரு சுழற்சிக்கும் எடை போட வேண்டும். ஹுர்விட்ஸ் இந்த எடையை எத்தனை பரிமாணத்துக்கும் கணக்கிட்டு எழுதினார். நான்கு பரிமாணத்தில் ஆறு கோணங்கள், ஐந்தில் பத்து. கட்டுரையின் உழைப்பெல்லாம் அந்த எடைக் கணக்கில்தான் இருக்கிறது.

எடைகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், முப்பரிமாணச் சுழற்சிகளுக்கு, பை வர்க்கத்தின் 8 மடங்கு வரும். எண் எதுவானாலும் சரி, அது முடிவுள்ள எண் என்பதுதான் விஷயம். முடிவுள்ளதென்றால் அதனால் வகுக்கலாம். வகுக்க முடிந்தால் சராசரி உண்டு. கச்சிதக் குலம் என்று இன்று சொல்வது இத்தகைய குலத்தைத்தான்: ஓடிப்போக முடிவிலி இல்லாதது, உள்ளே ஓட்டையும் இல்லாதது. இலக்கணப்படியான வரையறை வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் கச்சிதத்தின் மகிமை அத்தனையும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி.

கச்சிதமில்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும்? தளத்தைச் சரிக்கும் செயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியையும், அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஏற்ப வலப்பக்கம் தள்ளுகிறோம். எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம். கிடைக்கோடு தன் இடத்திலேயே இருக்கிறது. அதற்குத் துணையாக, அசையாத இன்னொரு கோடு கிடைக்குமா என்றால் கிடைக்காது. மற்ற எல்லாக் கோடுகளும் சாய்ந்துகொண்டே போகின்றன. கச்சிதக் குலத்தில் இந்த அவலம் நேராது. ஏதோ ஒரு நீள அளவை எடுத்துக் குலம் முழுவதும் சராசரி போட்டால், குலத்துக்குக் கட்டுப்பட்ட நீள அளவு ஒன்று கிடைக்கும். அந்த அளவின்படி செங்குத்து எதுவோ அதுவே துணை. எந்தச் செயலும் மேற்கொண்டு உடைக்க முடியாத சிறு துண்டுகளாகச் சுத்தமாகப் பிரிந்துவிடும்.

அதே கட்டுரையில் ஹுர்விட்ஸ் இன்னொரு சாமர்த்தியமும் காட்டினார். கச்சிதமில்லாத பெரிய நேரியல் குலத்துக்குள் கச்சிதமான சிறிய குலம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதன் மீது மட்டும் சராசரி எடுத்தாலே, இயற்கணிதக் காரணங்களால், பெரியதற்கும் வேலை முடிந்துவிடும். இவ்வளவையும் அச்சிட்டு வைத்த பிறகு 27 வருடம் அதை எடுத்துப் பெரிதாகப் பயன்படுத்துவார் இல்லை.

அந்த இடைவெளியில் பெர்லினில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. முடிவுள்ள குலங்களை அணிகளாக எழுதிப் பார்க்கும் கோட்பாட்டை ஃபுரோபேனியஸ் 1896-லிருந்து வளர்த்தார். அவருடைய மாணவர் இசாய் ஷூர் அதை எளிமையாக்கினார். அங்கே சராசரி என்பது கூட்டி வகுப்பதுதான். உறுப்புகளை எண்ண முடியும். 1924-ல் ஷூர், கூட்டலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹுர்விட்ஸின் தொகையிடலை வைத்தார். முடிவுள்ள குலங்களுக்கு உண்மையான தேற்றங்கள் வரிவரியாகச் சுழற்சிக் குலத்துக்கும் உண்மையாயின.

ஷூரின் கட்டுரைகளைப் பார்த்து உடனே கடிதம் எழுதியவர் ஹெர்மன் வைல். அப்போது அவர் சூரிச்சில், ஹுர்விட்ஸ் கடைசிவரை பணியாற்றிய அதே நிறுவனத்தில் இருந்தார். 1913 முதல் 1919-ல் ஹுர்விட்ஸ் இறக்கும்வரை இருவரும் சகாக்கள். ஒரே தாழ்வாரத்தில் இருந்த யோசனை பெர்லின் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. பொதுச் சார்பியலின் கணிதத்தில் மூழ்கியிருந்த வைலைக் குலங்களின் பக்கம் திருப்பியிருந்தது அந்தச் சார்பியலே. 1925, 26-ல் வெளிவந்த நீண்ட கட்டுரைத் தொடரில், எலி கார்ட்டான் இயற்கணித வழியில் 1913-ல் பட்டியலிட்டிருந்த செயல்களைத் தொகையிடல் வழியில் வைல் மறுபடி கட்டினார். எல்லாச் செயல்களும் துண்டுகளாகப் பிரியும் என்ற முக்கியமான கண்ணி அங்கே பூட்டப்பட்டது. தொகையிடலைத் தொடாத சுத்த இயற்கணித நிறுவலுக்குக் காசிமிரும் வான் டெர் வேர்டனும் 1935 வரை காக்கவைத்தார்கள்.

1927-ல் ஃபிரிட்ஸ் பீட்டரும் வைலும் சேர்ந்து இன்னொரு படி ஏறினார்கள். வட்டத்தின் மீதான சார்புகளைச் சைன், கொசைன் அலைகளாகப் பிரிப்பது ஃபூரியே காலத்துச் சங்கதி. வட்டம் என்பது சாதுவான ஒரு கச்சிதக் குலம். சுழற்சிக் குலத்தைப் போல ஆயத்தொலைவுகளால் வழுவழுப்பாக விவரிக்கக்கூடிய குலத்தை லீ குலம் என்பார்கள். கச்சிதமான லீ குலம் எதுவானாலும், அதன் மீதுள்ள சார்புகளை அந்தக் குலத்துக்கே உரிய அலைகளாகப் பிரிக்கலாம் என்று நிறுவினார்கள். குவாண்டம் இயக்கவியல் அப்போதுதான் பிறந்திருந்தது; அணுவின் சமச்சீரைப் பேச இயற்பியலாளர்களுக்கு வேண்டியிருந்த மொழி இதுவாக இருந்தது.

எடை மட்டும் இன்னும் கோணங்களையும் ஆயத்தொலைவுகளையும் நம்பியே இருந்தது. அவை இல்லாத குலங்களுக்கு?

ஆல்ஃபிரெட் ஹார் புடாபெஸ்ட்டில் 1885-ல் பிறந்தவர். ஹில்பர்ட்டிடம் ஆய்வு செய்து 1909-ல் பட்டம் பெற்றவர். கொலொஷ்வார் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். முதல் உலகப்போருக்குப் பின் அந்த ஊர் ருமேனியாவுக்குப் போனது. ஹங்கேரியப் பல்கலைக்கழகம் சேகெத் நகருக்குக் குடிபெயர்ந்தது. நல்ல நூலகம்கூட இல்லாத ஊரில் ஹாரும் ஃபிரிட்யெஷ் ரீசும் 1922-ல் ஓர் ஆய்விதழ் ஆரம்பித்து அதை உலகம் படிக்கும்படி செய்தார்கள். ஹார் கைவைத்த கேள்வி இது: குலத்தில் பெருக்கல் உண்டு, எது எதற்கு அருகில் என்ற அறிவு உண்டு, வேறொன்றும் கிடையாது. இதை வைத்துக்கொண்டு பாரபட்சமில்லாத அளவையை உண்டாக்க முடியுமா?

கையில் அளவுகோல் இல்லை, ஒரு பாய் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தை மூட எத்தனை பாய், அறையை மூட எத்தனை பாய் என்று எண்ணினால் இரண்டின் விகிதம் கிடைத்துவிடும். பாய் பெரியதென்றால் ஓரங்களில் மேலே விழுந்து கணக்குப் பிசகும். சின்னப் பாய் எடுத்தால் பிசகு குறையும். ஹாரின் பாய், குலத்தின் சமனி உறுப்பைச் சுற்றியுள்ள ஒரு சிறு வட்டாரம். அதைக் குலத்தின் பெருக்கலாலேயே அங்கங்கே நகர்த்திப் போடுகிறார். ஒரு பகுதியை மூடக் குறைந்தபட்சம் எத்தனை வேண்டும் என்று எண்ணி, ஒரு நிலையான பகுதிக்கு ஆன எண்ணிக்கையால் வகுக்கிறார். பிறகு வட்டாரத்தைச் சுருக்கிக்கொண்டே போகிறார். விகிதம் ஓர் இடத்தில் நிலைக்காமல் ஆடலாம். ஆனால் வரம்புக்குள்தான் ஆடும். அதனால் நிலைக்கும் ஓர் உப தொடரைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். நகர்த்துவதும் மூடுவதும் குலத்தின் பெருக்கலாலேயே நடப்பதால், ஒரு பகுதியை நகர்த்தினாலும் எண்ணிக்கை மாறாது. பாரபட்சமின்மை தானாகவே கிடைத்துவிடுகிறது.

கட்டுரை 1933-ல் பிரின்ஸ்டனின் அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் வந்தது. அதே தொகுதியில் அடுத்த கட்டுரை ஜான் ஃபான் நொய்மனுடையது. ஹில்பர்ட் 1900-ல் கொடுத்த ஐந்தாவது கேள்வி, உள்ளூர் அளவில் சாதாரண வெளியைப் போலிருக்கும் குலமெல்லாம் லீ குலம்தானா என்பது. ஹாரின் அளவையை பீட்டர்–வைல் முறைக்குள் செலுத்தி, கச்சிதக் குலங்களுக்கு ஆம் என்று நிறுவிவிட்டார் ஃபான் நொய்மன். கச்சிதமல்லாதவற்றுக்கு முழு விடை வர 1952 ஆயிற்று. கட்டுரை வெளிவந்த அதே 1933-ல், மார்ச் மாதத்தில், ஹார் 47 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

பாக்கி இருந்தது ஒரு சந்தேகம். வேறு உப தொடரைப் பொறுக்கினால் வேறு அளவை வந்துவிடாதா? வராது, அளவை ஒன்றே ஒன்றுதான் என்று ஃபான் நொய்மன் முதலில் கச்சிதக் குலங்களுக்கும் பிறகு 1936-ல் பொதுவாகவும் காட்டினார். ஹார் வைத்திருந்த எண்ணத்தக்க தன்மை என்ற நிபந்தனையையும் ஆந்த்ரே வேய் கழற்றி எறிந்தார். அவருடைய நூல் வெளிவந்த 1940-ல் அவர் ராணுவ சேவைக்குப் போகாத குற்றத்துக்காக ரூவான் சிறையில் சில மாதம் இருந்தார். 30-களின் தொடக்கத்தில் அலிகார் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையை நடத்தி, நம் கணிதர் டி. விஜயராகவனை அங்கே வேலைக்குச் சேர்த்த அதே வேய்தான். 1924-ல் ஹுர்விட்ஸின் தொகையிடலைக் கையிலெடுத்த ஷூரின் முடிவு சோகமானது. யூதர் என்பதால் 1935-ல் பெர்லின் பதவி பறிபோய், 1939-ல் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்து, 1941-ல் தன் 66-வது பிறந்தநாளன்று டெல் அவிவில் காலமானார்.

அளவை கைக்கு வந்த பிறகு, கச்சிதக் குலங்களின் செயல்பாடு என்பதே தனித் துறையாகிவிட்டது. வளைந்த வெளி ஒன்றின் மீது கச்சித லீ குலம் வழுவழுப்பாகச் செயல்பட்டால், அந்த வெளியின் தூர அளவைக் குலத்தின் மீது சராசரி எடுத்துவிடலாம். அப்புறம் குலம் தூரம் மாறாமல் நகர்த்தும் சாதுவாகிவிடும். வெளி கச்சிதமாகவும் இருந்தால், அதை ஏதோ ஒரு பரிமாணத்துச் சாதாரண வெளிக்குள் உட்காரவைத்து, குலத்தின் செயலை அணிப் பெருக்கலாகவே எழுதிவிடலாம். மோஸ்டோவும் பாலேயும் 1957-ல் தனித்தனியாகக் கண்டது அது. கச்சிதமில்லாத குலங்களின் காட்டில் ஹரீஷ்-சந்திரா பல பத்தாண்டு உழைக்க வேண்டியிருந்ததை நினைத்தால், கச்சிதக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆனால் ஓர் இடத்தில் சராசரியும் கையை விரிக்கிறது. 0, 1 என்ற இலக்கங்களை இடப்பக்கம் முடிவில்லாமல் நீட்டிக்கொண்டு, வழக்கம்போல் மீதி கடத்திக் கூட்டினால் ஒரு குலம் வரும். இரண்டடிமான முழுவெண்கள் என்று பெயர். கச்சிதமானது, ஹார் அளவையும் உண்டு. ஆனால் தூசு தூசாகச் சிதறிக் கிடப்பது, லீ குலம் அல்ல. வளைந்த வெளி ஒன்றை, தன் உறுப்பு எதையும் வீணாக்காமல், இது நகர்த்த முடியுமா? வழுவழுப்பாக நகர்த்த முடியாது. தூர அளவைச் சராசரி எடுத்தால் குலம் முழுவதும் தூரம் மாறாமல் நகர்த்தும் செயல்களுக்குள் அடங்க வேண்டும். அவற்றின் கூட்டமோ லீ குலம் என்று மையர்ஸும் ஸ்டீன்ராடும் 1939-ல் காட்டிவிட்டார்கள். வெறும் தொடர்ச்சியான செயல் என்றால் சராசரி எடுக்க வழுவழுப்பான தூர அளவே கிடையாது. முடியாது என்பதுதான் ஹில்பர்ட்–ஸ்மித் ஊகம். ஒன்று, இரண்டு பரிமாணங்களில் அது உண்மை என்று முன்பே தெரியும். மூன்று பரிமாணத்துக்கு ஜான் பார்டன் 2013-ல் நிறுவினார். நான்கிலிருந்து மேலே இன்னும் திறந்தே கிடக்கிறது.