ஒற்றைக் கண்டுப் பின்னல்

ஒரே ஒரு நூல்கண்டை எடுத்து, அது தீர்வதற்குள் ஒரு முழுப் பொருளைப் பின்னி முடிப்பதே ஒற்றைக் கண்டுப் பின்னல். பச்சைக்குழந்தையின் தொப்பி, காலுறை, கைப்பேசிப் பை, பாத்திரம் துடைக்கும் துணி, கழுத்துத் துண்டு ஆகியவை இதில் அடங்கும். பின்னல் தெரிந்த எந்த வீட்டிலும் ஒரு பெட்டி நிறையத் தனிக் கண்டுகள் கிடக்கும். ஸ்வெட்டருக்கு வாங்கி மீந்தது ஒன்று, யாரோ பரிசாகத் தந்தது ஒன்று, நிறம் பிடித்துப்போய் ஒன்றே ஒன்று என்று வாங்கி வைத்தது ஒன்று. அவற்றுக்கு வேலை கொடுக்கும் வழி இது. இரண்டு ஊசிகளால் போடும் பின்னல், கொக்கி ஊசியால் போடும் குரோஷா இரண்டிலும் இது நடக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் லீ ராட்ஃபோர்டின் புத்தகமும் ஜூடித் டுரண்ட் தொகுத்த புத்தகமும் ஒற்றைக் கண்டு வேலைகளுக்கென்றே வெளிவந்தன.

புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் இதை மிச்சத்தைத் தீர்க்கும் வேலை என்று மட்டும் பார்ப்பது சரியாகாது. ஸ்வெட்டருக்கும் கம்பளிச் சால்வைக்கும் இங்கே பருவமே கிடையாது. மார்கழி விடியலில் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள்கூடத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பின்னல் இந்த மண்ணுக்குப் பொருந்தி வருகிற இயல்பான அளவே ஒரு கண்டுதான்.

கண்டு, சிட்டம், உருண்டை

நூல் விற்பனைக்கு வரும் வடிவங்களுக்குத் தமிழில் நல்ல சொற்கள் உண்டு. தையலுக்கும் பின்னலுக்கும் சுற்றித் தருவது கண்டு அல்லது உருண்டை. வட்டமாகச் சுற்றி முறுக்கிக் கட்டியது சிட்டம். கூம்பு வடிவக் குழாயில் சுற்றியது கோன். கைத்தறி நெசவாளர்கள் கேட்டு வாங்குவது சிட்டத்தை. தளர்வாக இருப்பதால் சாயத்தொட்டியில் முக்கும்போது சாயம் உள்ளிழைவரை இறங்கும். கைத்தறிக்காகவே, இந்திய நூற்பாலைகள் தங்கள் நூலில் ஒரு பங்கைச் சிட்டமாகத் தர வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது.

பருத்திச் சிட்டம் ஒன்றின் நீளம் 840 கெஜம், அதாவது சுமார் 768 மீட்டர். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் என்றால் 20 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு. இந்தக் கணக்கு பின்னுபவருக்கும் உதவும். 20-ஆம் நம்பர் சிட்டம் ஒன்று 23 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். தனி இழையாகப் பின்ன அது மிக மெல்லியது. 12 இழைகளைச் சேர்த்துப் பிடித்தால் ஊசிக்கு ஏற்ற தடிமன் வரும், நீளம் 64 மீட்டராகக் குறையும். அப்படி இரண்டு சிட்டம் இருந்தால் ஒரு துடைப்புத் துணி ஆயிற்று.

ஃபேன்சி ஸ்டோர்களிலும் தையல் சாமான் கடைகளிலும் 'உல்லன் நூல்' என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் உருண்டைதான் கிடைக்கும். பெயரில் கம்பளி இருந்தாலும் அது செயற்கை இழை. பள்ளிக் கைவேலை வகுப்புக்கும் வாசல் தோரணத்துக்கும் வாங்கப்படுவது இதுவே.

ஒரு கட்டுப் பொருளுக்குள் ஒரு பொருளை அடக்குவது தமிழ்ப் பெண்களுக்குப் புதிதில்லை. வயர் கூடை போடுகிறவர்களைக் கேளுங்கள். கூடையின் அளவை அங்குலத்தில் சொல்ல மாட்டார்கள். ஒரு ரோல் கூடை, ஒன்றரை ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை என்பார்கள். கையிலிருக்கும் வயர் எவ்வளவோ அதற்கேற்ற கூடை. ஒற்றைக் கண்டுப் பின்னலும் அதே கணக்கில்தான் ஓடுகிறது.

புதுச்சேரியின் நூல்

புதுச்சேரியின் பழைய செல்வம் நூலிலும் சாயத்திலும் விளைந்தது. இங்கே அவுரி நீலம் ஏற்றிய 'கினே' என்னும் பருத்தித் துணி, பிரெஞ்சு வணிகர்கள் வழியாகச் செனகல்வரை போய் அங்கே கோந்துக்கு மாற்றுப் பண்டமானது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இயந்திர நூற்பாலை வந்துவிட்டது. 1898-இல் தொடங்கிய ஆலையை ஊர்மக்கள் ரோடியர் மில் என்றார்கள். பின்னாளில் அது ஏ.எஃப்.டி. 1936 ஜூலை 30 அன்று போராடிய ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டது. நூல் நூற்று வளர்ந்த ஊரில் இன்று பின்னல் நூல் வேண்டுமென்றால் லூதியானாவிலிருந்து வந்த உருண்டையைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. வருத்தமான நிலை இது.

கொக்கிப் பின்னலுக்கு நாம் வழங்கும் 'குரோஷா' பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். புதுச்சேரியில் கன்னியர் நடத்திய கைவேலைக்கூடங்களில் பேர்பெற்றது ரோமென் ரோலான் வீதியிலுள்ள குளூனி மையம். 1827-இல் இங்கு வந்த குளூனி புனித சூசையப்பர் சபையினருடையது. அங்கே நடப்பது பூத்தையல். தெற்கே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட், இடையன்குடியில் அவர் மகள் எலைசா கால்டுவெல் ஆகியோர் பரப்பியது லேஸ் வேலை. இரட்டை ஊசிப் பின்னலுக்கு இப்படி ஒரு பெயர்பெற்ற கூடம் புதுச்சேரியில் அமையவில்லை. அது வீடுகளிலேயே வளர்ந்த கலை.

எந்த நூல்

பின்னல் என்றால் கம்பளி என்பது குளிர்நாட்டு எண்ணம். கிடைத்திருக்கும் மிகப் பழைய இரட்டை ஊசிப் பின்னல்களில் சில எகிப்தில் கண்டெடுத்த காலுறைகள். வெள்ளையும் அவுரி நீலமுமான பருத்தி நூலில் போட்டவை. ஆகவே பருத்தியில் பின்னுவது எதற்கும் மாற்று ஏற்பாடு இல்லை, தொடக்கத்திலேயே இருந்த வழி. வியர்வையை உறிஞ்சும், நனைந்தால் இன்னும் உறுதியாகும், வெந்நீரில் துவைக்கலாம். 1844-இல் ஜான் மெர்சர் கண்டறிந்த காரக் குளியல் முறையில் பளபளப்பேற்றிய பருத்தியை மெர்சரைஸ்டு என்கிறோம். அதில் நிறம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கைக்குட்டை, துடைப்புத் துணிக்குப் பளபளப்பில்லாத சாதாரணப் பருத்தியே நல்லது.

பருத்திக்கு இழுபடும் தன்மை குறைவு. தொப்பியின் விளிம்பு தளர்ந்துபோகும். எடையும் கூடுதல். ஒரே தடிமனுள்ள 50 கிராம் கண்டுகளில் பருத்தியின் நீளம் கம்பளியைவிடக் குறைவு, அக்ரிலிக்கின் நீளம் அதிகம். லேபிளில் கிராமைவிட மீட்டரைப் பார்ப்பது இதனால்தான்.

அக்ரிலிக்கில் ஒன்றை மட்டும் பின்னக் கூடாது: அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி. அந்த இழை சூட்டில் உருகும், உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கண்டில் எவ்வளவு

நடுத்தரத் தடிமனுள்ள 50 கிராம் பருத்தியில் 20 முதல் 22 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துணி வரும். பிறந்த குழந்தையின் தொப்பிக்கு 25 முதல் 30 கிராம் போதும். 100 கிராம் மெல்லிய நூல் என்றால் சிறு முக்கோணச் சால்வையே போடலாம். இந்தியக் கடைகளில் ஊசியின் பழைய பிரிட்டிஷ் நம்பர் இன்னும் புழங்குகிறது. நம்பர் கூடக் கூட ஊசி மெல்லியது. 8-ஆம் நம்பர் 4 மி.மீ., 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ.

நூல் பாதியில் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம்தான் இந்த வேலையின் ஒரே இடர். ஒரே நிறத்தில் இன்னொன்று வாங்கினாலும், சாயத் தொகுதி எண் மாறியிருந்தால் சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். அந்த அச்சத்தை நீக்கும் எளிய வேலை மூலையிலிருந்து போடும் சதுரத் துணி.

50 கிராம் கண்டைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசியில் 4 கண்ணி ஏற்றி, எல்லா வரியையும் நேர்ப் பின்னலாகவே போடவேண்டும். ஒவ்வொரு வரியிலும் முதல் 2 கண்ணியைப் பின்னியதும் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீதியைப் பின்னுங்கள். வரிக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் விழும். துணி முக்கோணமாக விரிந்துகொண்டே போகும். ஐந்தாறு வரிக்கு ஒருமுறை கண்டைத் தராசில் வையுங்கள். 26 கிராம் மீதி என்று காட்டும்போது நிறுத்தி, அங்கிருந்து வரிக்கு ஒரு கண்ணி குறையுங்கள். குறைக்கும் முறையும் எளிது. ஒன்று பின்னி, இரண்டைச் சேர்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இரண்டைச் சேர்த்து, மீதியைப் பின்ன வேண்டும். துளை வரிசை மறுபக்கத்திலும் தொடரும். கடைசி 4 கண்ணியை அடைக்கும்போது கையில் சிறிதளவு நூல் மிஞ்சியிருக்கும்.

முக்கோணச் சால்வை இப்படிப் பாதியில் திரும்பாது, விரிந்துகொண்டே போய் அகலமான ஓரத்தில் முடியும். அதன் கணக்கு பலரையும் ஏமாற்றும். 100 வரிச் சால்வையில் 50-ஆவது வரியில் பாதி நூல் தீர்ந்திருக்கும் என்று தோன்றும். உண்மையில் கால் பங்குதான் தீர்ந்திருக்கும். முதல் 70 வரிக்குப் பாதி, கடைசி 30 வரிக்கு மறு பாதி. கடைசிக் கண்ணிகளை அடைக்க ஓரத்தின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு நூலை ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு. முழம் போட்டுப் பூ வாங்கத் தெரிந்தவர்களுக்கு அளவு நாடா தேவைப்படாது.

பத்திரப்படுத்துதல்

கம்பளிக்குப் பூச்சி எதிரி, பருத்திக்குப் பூஞ்சை எதிரி. புதுச்சேரியின் ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டிய நூல் நாற்றமெடுத்துவிடும். துணிப்பையில் காய்ந்த வேப்பிலையோடு வைத்து, மழை விட்டதும் நிழலில் ஒருநாள் பரப்புவது நல்லது. லேபிளைத் தூக்கிப்போடாமல் கண்டோடு கட்டி வையுங்கள். மூன்று வருடம் கழித்து அது பருத்தியா அக்ரிலிக்கா என்று சொல்ல வேறு சாட்சி இருக்காது.

பிறருக்காகப் பின்னுவது

ஒரு கண்டின் ஆகச் சிறந்த பயன் என்று இக்கட்டுரையாசிரியர் கருதுவது பின்னல் மார்பு. மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்ட பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள மென்மையான நூலில் பின்னி உள்ளே பஞ்சு அடைத்துத் தருவது. சிலிக்கோன் உறுப்பு கனமானது, விலை அதிகம், வெயிலில் வியர்க்கும். இது கையில் எடுத்தால் எடையே தெரியாது. அமெரிக்காவில் பார்பரா டெமரெஸ்ட் 2011-இல் தொடங்கிய இயக்கத்தின் வழியே பரவியது. இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த சாய்ஷா இந்தியா இவற்றை இலவசமாகத் தருகிறது.

சிறு துண்டுகள் சேர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதைச் சென்னை காட்டியது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவின் பெண்கள் தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகளைக் கொண்டுவந்து இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்தார்கள். கின்னஸ் பதிவு பெற்ற அந்தப் போர்வை பின்னர் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உறவான ஒன்று இருக்கிறது. பின்னல் இல்லை, துணித் துணுக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், ஆரோவில்லில் உபாசனா வடிவமைப்புக் கூடத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்த மீனவப் பெண்களுக்குக் கைவேலை கற்றுத்தர ஏற்பாடு செய்தார். தையலில் மீந்த துணுக்குகளில் அவர்கள் செய்த விரல்நீளப் பொம்மைக்குச் சுனாமிகா என்று பெயர். அதற்கு விலை கிடையாது. பரிசாகவே கொடுக்கப்படுகிறது, விரும்புகிறவர்கள் நன்கொடை தரலாம். செய்த பெண்களுக்கு அதிலிருந்தே கூலி போயிற்று. பொம்மைகள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒரு கண்டு பின்னி முடித்தபின் பெட்டியில் கிடக்கும் அரை முழம், கால் முழ நூல்களும் இந்த அளவுப் பொம்மைக்குச் சடையாகவோ சட்டையாகவோ போதுமானவை.