சளிக்காய்ச்சல் தடுப்பூசி தட்டுப்பாடு: முதல் ஊசி யாருக்கு?

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் பள்ளிகள் திறந்த கையோடு மலேசியாவில் இன்ஃபுளுவென்சா ஏ வகைச் சளிக்காய்ச்சல் வேகமாகப் பரவியது. சில பள்ளிகளில் வகுப்புகள் மூடப்பட்டன. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தனியார் கிளினிக்குகளுக்கு விரைந்தனர். பல கிளினிக்குகளில் தடுப்பூசி தீர்ந்துபோயிருந்தது. பணமும் காரும் உள்ளவர்கள் அடுத்த ஊரில் தேடினார்கள். அந்தச் சில வாரங்களில் ஊசி பெற்றவர்கள் அனைவரும் நோயால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று சொல்ல முடியாது. முன்னால் போய் நின்றவர்கள் பெற்றார்கள், அவ்வளவுதான்.

கிருமி மீண்டும் மீண்டும் வரும். ஊசி போதாத நிலையும் வரலாம். அப்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் பலமுறை விடை தேடியிருக்கிறது. அந்த விடைகள் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்ததில்லை.

ஏன் தட்டுப்பாடு வருகிறது?

இந்தத் தடுப்பூசியை அவசரத்துக்குத் தயாரிக்க முடியாது. அதன் பெரும்பகுதி இன்றும் கோழி முட்டைக்குள் கிருமியை வளர்த்துத்தான் தயாரிக்கப்படுகிறது. எந்தக் கிருமி வகைகளைச் சேர்ப்பது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கும். பிப்ரவரியில் வட பாதி உலகுக்கும், செப்டம்பரில் தென் பாதி உலகுக்கும் பரிந்துரை வரும். அதன் பிறகு ஊசி கைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது. தொழிற்சாலைகள் முன்கூட்டியே கிடைத்த ஆர்டரைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்யும். அமைதியான ஆண்டில் குறைவாக வாங்கிய ஒரு கிளினிக், கிருமி பரவிய வாரத்தில் பத்து மடங்கு கேட்டால் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பரவல் உச்சத்தில் இருக்கும்போது அடித்துப் பிடித்து ஊசி போட்டுக்கொள்பவருக்கு, அந்தப் பரவலில் கிடைக்கும் பலன் குறைவாகவே இருக்கும்.

48 மில்லியன் ஊசி காணாமல் போன ஆண்டு

தட்டுப்பாடு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆண்டு 2004. அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, இங்கிலாந்தின் லிவர்பூலில் இயங்கிய கைரான் நிறுவனத்தின் தொழிற்சாலை உரிமத்தை பிரிட்டிஷ் அதிகாரிகள் நிறுத்தி வைத்தனர். தடுப்பூசியில் கிருமிக் கலப்பு இருக்கலாம் என்பது காரணம். அமெரிக்கா எதிர்பார்த்திருந்த ஊசிகளில் ஏறத்தாழ பாதி, அதாவது 48 மில்லியன், ஒரே நாளில் இல்லாமல் போனது.

அதே நாளில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஒரு முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டது. 65 வயதைக் கடந்தவர்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், நாள்பட்ட நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியோர் இல்லவாசிகள், நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் ஊழியர்கள் ஆகியோர் முதலில் பெறவேண்டும் என்றது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகள் உள்ள வீட்டாரும் அதில் இருந்தனர், ஏனெனில் அந்த வயதில் ஊசி போட முடியாது. ஆரோக்கியமானவர்கள் விட்டுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். அன்றைய அதிபர் புஷ், தேர்தல் விவாத மேடையிலேயே தாம் இவ்வாண்டு ஊசி போடப்போவதில்லை என்றார்.

பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் பட்டியலில் உள்ளவர்களிடம் ஊசியை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதற்கு வழி செய்யப்படவில்லை. கடைகளிலும் மண்டபங்களிலும் வரிசை நின்றது. கலிபோர்னியாவில் மணிக்கணக்கில் காத்து நின்ற 79 வயது மூதாட்டி ஒருவர் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். முதலிடம் அவர் வயதினருக்குத்தான், ஆனால் அந்த முதலிடத்தைப் பெற அவர் கால் கடுக்க நிற்க வேண்டியிருந்தது. நியூ ஜெர்சியின் புளூம்ஃபீல்டு நகரம் கையிலிருந்த 300 ஊசிகளுக்குக் குலுக்கல் நடத்த முடிவெடுத்தது. ஒரே அளவு அபாயத்தில் உள்ளவர்களுக்குள் குலுக்கல் நியாயமான வழிதான், குறைந்தபட்சம் யாரும் தெரிந்தவரைப் பிடித்து முன்னால் வர முடியாது.

அந்தக் கதையின் கடைசிப் பகுதியை இன்று பலர் மறந்துவிட்டனர். 2005 ஜனவரிக்குள் பல மாநிலங்களில் ஊசி மிஞ்சிக் கிடந்தது. கிடைக்காது என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட முதியவர்கள் திரும்பி வரவே இல்லை.

தாத்தாவா, பேரனா?

2006-இல் எசக்கியேல் இமானுவேல், ஆலன் வெர்தைமர் என்ற இரு அறிஞர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு வாதத்தை முன்வைத்தனர். உலகளாவிய கொள்ளைநோய் வந்து ஊசி போதாவிட்டால், வாழ்க்கையின் எல்லாப் பருவங்களையும் பார்த்துவிட்ட முதியவரைவிட, இனிமேல்தான் வாழப்போகும் இளையவருக்கு முன்னுரிமை வேண்டும் என்றார்கள். அவர்கள் கணக்கில் 13 முதல் 40 வயது வரையிலானவர்கள் முன்னே வந்தனர். நம் வீடுகளில் இதைச் சொன்னால் சண்டை வரும். அதே சமயம், “எனக்கு எதுக்குப்பா, பிள்ளைக்குப் போடு” என்று சொல்லாத தாத்தா பாட்டியும் நம்மிடையே குறைவு.

மூன்றே ஆண்டுகளில் கேள்வி உண்மையாகவே வந்தது. 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலிருந்து எச்1என்1 செய்தி வந்தது. ஜூன் 11-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் அதை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அது உச்சத்தைத் தொட்டபோது, உலகில் எங்குமே அதற்கான தடுப்பூசி புழக்கத்துக்கு வரவில்லை.

ஊசி வருமுன் அமெரிக்காவில் தயாரான பட்டியலில் 65 வயதைக் கடந்த ஆரோக்கியமானவர்கள் கடைசிக்குத் தள்ளப்பட்டனர். வயதானவர்களை மதிக்காததால் அல்ல. புதிய கிருமி அவர்களை அதிகம் தொடவில்லை. இரத்தப் பரிசோதனையில் 60 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதற்கு எதிரான சக்தி ஏற்கெனவே இருந்தது.

இதன் காரணம் நம் வட்டாரத்தைத் தொடுகிறது. 1918-இல் உலகை உலுக்கிய கிருமியின் வழிவந்த எச்1என்1 வகைகள் 1957 வரை மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தன. 1957-இல் ‘ஆசியக் காய்ச்சல்’ என்ற புதிய வகை வந்து பழையதை விரட்டியது. அந்தப் புதிய வகையின் ஆய்வுக்கூடப் பெயரே ‘ஏ/சிங்கப்பூர்/1/57’. அதற்கு முன் பிறந்தவர்கள் சிறு வயதில் பழைய கிருமியைச் சந்தித்திருந்தார்கள். அந்த அனுபவத்தை உடல் அரை நூற்றாண்டு கழித்தும் மறக்கவில்லை. ஆக, தாத்தாவா பேரனா என்ற கேள்விக்கு 2009-இல் தத்துவம் விடை சொல்லவில்லை, இரத்தப் பரிசோதனை சொன்னது. வழக்கமான பருவக் காய்ச்சலில் கணக்கு மாறிவிடும், அதில் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். வந்திருப்பது எந்தக் கிருமி என்று தெரியாமல் வரிசையை எழுத முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லாப் பட்டியலிலும் இருப்பவர்கள்

இருவர் மட்டும் எந்தப் பட்டியலிலும் கீழே போவதில்லை. ஒருவர் மருத்துவ ஊழியர். அவர் படுத்தால் வார்டும் படுத்துவிடும், அவரே நோயாளிக்குக் கிருமியைக் கொடுத்துவிடவும் கூடும். மற்றவர் கர்ப்பிணி. 2009-இல் அமெரிக்க மக்கள் தொகையில் கர்ப்பிணிகள் ஏறக்குறைய 1 விழுக்காடு, ஆனால் எச்1என்1 மரணங்களில் அவர்கள் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடு. அவருக்குப் போடும் ஊசி வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போய்ச் சேருகிறது. 2008-இல் வெளிவந்த வங்காளதேச ஆய்வு ஒன்றில், கர்ப்ப காலத்தில் ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை சளிக்காய்ச்சல் 63 விழுக்காடு குறைந்திருந்தது. 2012-இல் உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளை முதலிடத்தில் வைத்தது. இருந்தும், கர்ப்ப காலத்தில் ஊசி ஆகாது என்று தடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய வாதம் வேறு மாதிரி. அவர்கள் இறப்பது அரிது, ஆனால் வீட்டுக்குக் கிருமியைக் கொண்டு வருவது அவர்கள்தான். ஜப்பான் 1962 முதல் பள்ளி மாணவர்களுக்குப் பெருமளவில் ஊசி போட்டது. 1987-இல் பெற்றோர் மறுக்கலாம் என்று தளர்த்தியது, 1994-இல் திட்டத்தைக் கைவிட்டது. திட்டம் நடந்த காலத்தில் முதியவர்களின் மரணம் குறைந்திருந்ததையும், நிறுத்தியபின் கூடியதையும் 2001-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஏறக்குறைய 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர் தப்பியது என்பது அதன் கணக்கு. நல்ல வழிதான், ஆனால் அதற்கு ஊசி மிகுதியாக வேண்டும். கையில் கொஞ்சமே இருக்கும்போது, பரப்புபவரைத் தேடுவதைவிட இறக்கக்கூடியவரைக் காப்பதே கைகூடும் காரியம்.

கிளினிக் ஏட்டில் இல்லாத இனிப்புநீர்

‘நாள்பட்ட நோயாளிகளுக்கு முன்னுரிமை’ என்ற வரி நம் சமூகத்தை நேரடியாகத் தொடுகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். அப்படியானால் முன்னுரிமை வரிசையில் நம்மவர் நிறையப் பேர் நிற்க வேண்டும்.

நிற்பார்களா என்பதுதான் சிக்கல். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நாடு முழுவதும் அந்த 18.3-இல் 9.4 விழுக்காட்டினருக்கே தங்களுக்கு நோய் இருப்பது தெரியும். மீதி 8.9 விழுக்காட்டினர் பரிசோதித்தபோதுதான் கண்டுபிடிக்கப்பட்டனர். கிளினிக் ஏட்டை வைத்துப் பட்டியல் எழுதினால், ஏறக்குறைய பாதிப் பேர் அதில் வரமாட்டார்கள். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, காய்ச்சல் என்றால் பனடோல் விழுங்கிப் படுத்துக்கொள்ளும் ஒருவருக்குப் பட்டியலில் பெயர் இல்லை என்றால், அவருக்கு நோய் இல்லை என்று பொருளாகாது.

விரல் வேகமும் வெகு தொலைவும்

2021-இல் கோவிட் தடுப்பூசி வந்தபோது மலேசியாவில் வரிசை இரண்டு விதமாகவும் நடந்து பார்க்கப்பட்டது. நோய் வேறு, வரிசைச் சிக்கல் அதேதான். பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்கிய தேசியத் திட்டம், முன்களப் பணியாளர், பின்னர் முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும், அதன்பின் மற்றவர்கள் என்று படிப்படியாக அமைந்தது. அஸ்ட்ராசெனகா ஊசி மட்டும் தனியே எடுக்கப்பட்டு, விரும்புவோர் இணையத்தில் பதியலாம் என்று விடப்பட்டது. மே 2-ஆம் தேதி கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் ஒதுக்கப்பட்ட 2 இலட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் மூன்று மணி நேரத்துச் சொச்சத்தில் நிரம்பின. மே 26-ஆம் தேதி ஏறத்தாழ பத்து இலட்சம் இடங்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்தன. இரண்டாம் முறை 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதலில் சில நாள் தனியாக ஒதுக்கியது நல்ல திருத்தம்.

ஆயினும் வேகமான இணையமும் கணினி முன் உட்கார நேரமும் உள்ளவருக்கே இப்படிப்பட்ட வரிசை பொருந்தும். பால்மரத் தோட்டத்தில் இருக்கும் பாட்டிக்கு மைசெஜாத்ரா செயலியைப் பேத்தி வந்து திறந்து காட்ட வேண்டும், பேத்தியோ கிள்ளானில் வேலையில் இருப்பாள். பின்னர் நடமாடும் தடுப்பூசி வாகனங்கள் மக்கள் குடியிருப்புகளுக்கே சென்றன. முன்னுரிமை காகிதத்திலிருந்து கைக்கு வந்தது அப்போதுதான். குடியுரிமை இல்லாதோருக்கும் ஊசி இலவசம் என்று அரசாங்கம் அறிவித்ததும் சரியான முடிவு. சிவப்பு அடையாளக் கார்டுடன் வாழும் நம் முதியவர்களும், அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் அந்நியத் தொழிலாளர்களும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

இப்போதைய நிலை

சிங்கப்பூரில் 65 வயதைக் கடந்தவர்கள், நாள்பட்ட நோயாளிகள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குச் சளிக்காய்ச்சல் ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. 2020 நவம்பர் முதல் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் மருந்தகங்களிலும் தகுதியுள்ளவர்களுக்குக் கட்டணக் கழிவு உண்டு, மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். மலேசியாவில் 60 வயதைக் கடந்த, நாள்பட்ட நோயுள்ள முதியவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகப் போடப்படுகிறது. மற்றவர்கள் தனியார் கிளினிக்கில் பணம் கட்ட வேண்டும். முதல் முறை போடும் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை, செலவுக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

இனிப்புநீர், இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் அடுத்த முறை கிளினிக் போகும்போது ஏட்டில் தங்கள் தொலைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் பல ஆண்டுகளாக இரத்தம் சோதிக்காத பெரியவர் இருந்தால், அதே பயணத்தில் அவரையும் அழைத்துச் செல்லலாம். அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரை அளவு பார்க்க மலேசியக் குடிமக்களுக்குச் செலவு அதிகமில்லை.