ஞானமும் திருவும்

வாசுதேவநல்லூரிலிருந்து தெற்கே சென்றால் குற்றாலம். பக்தர் வாயில் திருக்குற்றாலம். செல்வம், அழகு என்று பொருள்பட்ட 'திரு', பெயர்முன் ஒட்டிப் புனிதத்தைக் குறிக்கலாயிற்று.

நம் முன்னோரின் வேதத்தமிழிலோ 'ஞான' என்னும் முன்னொட்டே ஓங்கி நின்றது. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் நொபிலி எழுதிய நூல் 'ஞானோபதேசம்'. குழந்தை பெற்றது ஞானஸ்நானம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-65) பின் அது திருமுழுக்காயிற்று, பூசை திருப்பலியாயிற்று, 1995-இல் திருவிவிலியம் வந்தது. தமிழ் தூய்மை பெற்றது உண்மை. ஆனால் பழஞ்சொல், கழுவப்படுவது உடலன்று, ஆன்மா என்றது. புதுச்சொல், முழுக்கு புனிதமானது என்று மட்டுமே சொல்கிறது.

ஓரிடத்தில் 'ஞான' அசையவில்லை. திருத்தந்தை உரோமையில் ஒருவரே. குழந்தையின் விசுவாசத்திற்குப் பொறுப்பேற்றுத் திருமுழுக்குத் தொட்டியருகே நிற்பவர் இன்றும் ஞானத்தந்தைதான்.