பூசண மருந்து



நாட்றம்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் சோலார் பலகை போட்டு நாலு மழைக்காலம் ஆகிவிட்டது. போன கார்த்திகையில் கரண்ட் குறைகிறதே என்று ஏறிப் பார்த்தேன். பலகைகளின் கீழ் விளிம்பில், மழைத்தண்ணீர் தேங்கிக் காயும் இடத்தில், கரும்பச்சையாக ஒரு படலம். தூசியோடு பாசியும் பூசணமும் சேர்ந்து ஒட்டியிருந்தது. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் ஆராய்ச்சிக்காகத் துடைக்காமல் விட்ட பலகைகளில், ஒன்றரை ஆண்டில் இப்படிப்பட்ட படலத்தால் சுமார் 11 சதவீத மின்சாரம் குறைந்ததாம்.

"மருந்து அடிச்சா போயிடும் சார்" என்றார் பலகை பொருத்தியவர். மருந்து என்றதும் எனக்கு 35 வருடத்துக்கு முந்தைய ஞாபகம் வந்தது.

அப்போது நான் வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோல் லண்டனுக்குக் கப்பலேறிய காலம் போய், குரோம் பதனிடுதல் பெருகியிருந்தது. அதில் வரும் நீல நிற ஈரத்தோலை 'வெட் ப்ளூ' என்போம். அதன் புளிப்புத் தன்மையில் பாக்டீரியா அவ்வளவாக வளராது. பூசணத்துக்கோ அந்த ஈரமும் புளிப்பும் விருந்து! மழைக்காலத்தில் அடுக்கி வைத்த தோலில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி விழும். சாயம் ஏற்றினாலும் கறை தெரியும், விலை பாதியாகும்.

இதற்குப் போட்ட மருந்துதான் பென்டா குளோரோ பீனால், சுருக்கமாக பி.சி.பி. மலிவானது, கொஞ்சம் போட்டாலே போதும். என் பேரேட்டில் அதற்கு 'பூசண மருந்து' என்று ஒரே வரி. தொழிலாளர்கள் வெறுங்கையால் கரைத்தார்கள். கண் எரிகிறது, கை அரிக்கிறது என்பார்கள். தோல் வேலை என்றால் அப்படித்தான் என்று நாங்கள் எல்லோரும் இருந்துவிட்டோம்.

1989 டிசம்பரில் அன்றைய மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் பி.சி.பி. இருந்தால் விற்கக் கூடாது. அது உடம்பில் தோல் வழியாகவே ஏறக்கூடியது. அதோடு டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் கலந்து வரும். புற்றுநோய் அச்சமும் உண்டு. நம் தோலுக்கும் காலணிக்கும் ஜெர்மனி பெரிய சந்தை. ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை முதலாளிகளுக்குத் தூக்கம் போனது. 1948-இல் தொடங்கிய அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பரிசோதனைக்கும் மாற்று வழிக்கும் கைகொடுத்தது. டி.சி.எம்.டி.பி. போன்ற வேறு மருந்துகள் வந்தன. பின்னர் இந்தியாவும் பி.சி.பி.யைத் தடை செய்தது. தொழில் பிழைத்தது.

ஒன்றுதான் இன்றும் உறுத்துகிறது. ஜெர்மனியில் செருப்புப் போடுகிறவர் காலுக்காக அந்த மருந்து நின்றது. தினமும் அதில் முங்கிய நம் ஊர்க் கைகளுக்காக நிற்கவில்லை. பூசணம் கண்ணுக்குத் தெரிந்ததால் பயந்தோம்; மருந்து தெரியாததால் பயப்படவில்லை. அந்த வரியை எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

மாடியில் விழும் தண்ணீர் எங்கள் மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது, அங்கிருந்து நிலத்தடிக்கு. அதனால் மருந்து வேண்டாம் என்றுவிட்டேன். வெயில் ஏறும் முன் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மெல்லிய துணியால் துடைக்கிறோம். மாதம் இரண்டு முறை, அரைமணி நேரம். போதுமானதாக இருக்கிறது.