ரயிலேறாத மிதிவண்டி

1856 ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அம்பத்தூர், ஆவடி வழியாக ஓடும் இன்றைய மேற்குப் புறநகர்ப் பாதை அத்தடத்தின் வாரிசு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, இப்பாதையை ஒட்டிய ஊர்களில் இரண்டு தொழிற்சாலைகள் எழுந்தன. இரண்டையும் சேர்த்து வைத்து நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலாவது மிதிவண்டித் தொழிற்சாலை. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. பர்மிங்காமில் பிறந்த 'ஹெர்குலிஸ்' அம்பத்தூர்க்காரன் ஆனது அப்படித்தான். இரண்டாவது, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை. சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்ப உதவியோடு அமைந்த அதனை 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்தார். பின்னாளில் புறநகர் மின்ரயில் பெட்டிகளும் அங்கே உருவாயின. வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் மூன்றாவது நிலையம்தான். ஆயினும் இங்கே பிறந்த மிதிவண்டிக்கு இங்கே பிறந்த பெட்டியில் இடமில்லை.

நெடுந்தொலைவு வண்டிகளில் அதற்கு ஒரு வழி உண்டு. லக்கேஜ் அலுவலகத்தில் பதிந்து, பெயரும் சேருமிடமும் எழுதிக் கட்டி, பிரேக் வேனில் ஏற்றிவிடலாம். பயணி ஒரு பெட்டியிலும் அவரது வண்டி வேறொரு பெட்டியிலுமாகப் போய்ச் சேர்வார்கள். ஆறேழு நிலையம் தள்ளி வேலைக்குப் போகிறவருக்கு இது உதவாது. அவர் நிலைய வாசல் சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டியை விட்டுச் செல்கிறார், இறங்கியபின் நடக்கிறார். இந்த ரயில் பாதை தொடாத பூந்தமல்லியிலிருந்து வருபவருக்கு நிலையத்தை அடைவதே தனிப் பயணம்.

கூட்டத்தில் மனிதருக்கே இடமில்லாதபோது மிதிவண்டிக்கு ஏது இடம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நெதர்லாந்தும் நெரிசல் நேரத்தில் மிதிவண்டியை அனுமதிப்பதில்லை. மற்ற நேரங்களில் தனிச்சீட்டோடு ஏற்றுகிறது. மடக்கு மிதிவண்டிக்கோ எந்நேரமும் கட்டணமில்லை. கோபன்ஹேகன் புறநகர் ரயில்கள் 2010இல் மிதிவண்டிக் கட்டணத்தையே நீக்கின. நம் புறநகர் ரயில்களிலும் மீன்கூடைக்கும் காய்கறி மூட்டைக்கும் வியாபாரிகள் பெட்டி உண்டு. சுமையோடு வருபவரும் பயணியே என்பதை நாம் முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறோம். மதிய வேளையில் பாதி காலியாக ஓடும் வண்டியில் அந்த ஒப்புதலை மிதிவண்டிக்கும் நீட்டுவது பெரிய காரியமன்று.

பெட்டி கட்டக் கற்றுக்கொடுத்த சுவிட்சர்லாந்தின் ரயில்களில் இன்று மிதிவண்டியை மாட்டிவைக்கக் கொக்கிகள் உள்ளன. பெட்டியையும் மிதிவண்டியையும் செய்யத் தெரிந்த ஊருக்கு அக்கொக்கியைச் செய்வதா கடினம்? தொழிலாளியின் முதல் சொத்து மிதிவண்டி. அதனை நிலைய வாசலிலேயே விட்டுவிட்டு வரச்சொல்லும்போது, அவருடைய பயணத்தில் பாதியைத்தான் நாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்.