நவாபின் தோட்டத்தில் வளர்ந்த ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் எந்திரங்கள் ஓய்ந்துவிடுகின்றன. அன்று நொய்யலாற்றை ஒட்டிய வெற்றிடங்களில் இளைஞர்கள் மட்டையும் பந்துமாய்க் கூடுகின்றனர். துணி வெட்டுபவரும், தைப்பவரும், சாயப்பட்டறையில் உழைப்பவரும் ஓரணியில் நிற்கின்றனர். அங்கே குலமோ சமயமோ கேட்பாரில்லை. இக்காட்சியைக் காணுந்தோறும், கிரிக்கெட் என்னும் இவ்வாட்டம் தமிழ்நாட்டில் காலூன்றிய நாள்களை நாம் எண்ணிப் பார்க்கிறோம். அன்று ஆடுகளத்தின் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

1721ஆம் ஆண்டில் காம்பே கடற்கரையில் ஆங்கிலேய மாலுமிகள் ஆடியதே இந்நாட்டில் இவ்வாட்டம் பற்றிக் கிடைக்கும் முதற் குறிப்பு. 1792இல் கல்கத்தாவில் ஒரு கழகம் இருந்தது. சென்னையில் 1846ஆம் ஆண்டு அலெக்சாண்டர் அர்பத்நாட் என்பாரின் முயற்சியால் மதராஸ் கிரிக்கெட் கிளப் தோன்றிற்று. அது வெள்ளையருக்கே உரியதாயிருந்தது. 1865இல் அக்கழகத்திற்குச் சேப்பாக்கத்தில் இடங்கிடைத்தது.

அந்த இடம் யாருடையது? இவ்வினாவை நாம் எழுப்பாமல் கடந்துபோதல் முறையன்று. ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜா 1768ஆம் ஆண்டளவில் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையின் தோட்டவெளியே அது. 1855இல் நவாபு குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்தார். அதனையே காரணமாகக் காட்டி, கும்பினியார் நவாபுப் பட்டத்தை ஒழித்தனர். கடனின் பெயரால் ஏலத்திற்கு வந்த அரண்மனையும் அரசின் கைக்குச் சென்றது. பத்தாண்டு கழியுமுன்னே அத்தோட்டத்தில் மட்டையொலி கேட்கலாயிற்று. அருகிலோடும் வாலாஜா சாலையின் பெயர் மட்டும் பழைய உரிமையாளரை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

உரிமையிழந்தோர் நவாபின் குடும்பத்தார் மட்டுமல்லர். அக்களத்திற்கு ஆட வந்த இந்தியர்க்கு மண்டபத்தினுள் இடமில்லை. உடை மாற்றுவதும் உணவு கொள்வதும் மரநிழலிலேயே நிகழ்ந்தன. இந்நிலையைக் கண்டு மனம் பொறாதவர் 1868இல் பிறந்த புச்சிபாபு நாயுடு. அவர் செல்வக் குடியினர். ஆங்கிலச் செவிலியரிடம் வளர்ந்தவர். வெள்ளையரின் பழக்கவழக்கங்களை நன்கறிந்தவர். எனினும் அவர்களது வாயிலில் காத்துக்கிடக்க அவர் விரும்பவில்லை. 1888ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், எஸ்பிளனேடு திடலில் மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். வசதியற்ற இளைஞர்க்கும் கருவிகளைத் தந்து பயிற்சியளித்தார். மனுவெழுதி இரந்து நிற்பதைவிட, சமமாக ஆடிக்காட்டுவதே தக்க மறுமொழி என்பது அன்னாரின் எண்ணம்.

அவ்வெண்ணம் வீண்போகவில்லை. ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிர் நின்று ஆடும் போட்டிக்கு அவர் ஏற்பாடு செய்தார். 1908இல் அது நடைபெறுதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் மறைந்தார். எனினும் அவர் விதைத்தது நிலைத்தது. 1915-16 தொடங்கி, பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நிகழ்ந்த அப்போட்டி 1952 வரை தொடர்ந்தது. அன்னாரின் மைந்தர் சி. இராமசாமி 1936இல் இங்கிலாந்து மண்ணில் இந்தியாவுக்காக ஆடினார். 1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டிய களமும் சேப்பாக்கமே. தோற்றது இங்கிலாந்து! வினு மன்காட் அப்போட்டியில் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இரண்டாம் இன்னிங்சில் குலாம் அகமது நால்வரை வீழ்த்தினார். நூறாண்டுக்குச் சற்று முன் நவாபின் தோட்டமாயிருந்த மண், எல்லாருக்கும் பொதுவான மகிழ்ச்சிக்களமாயிற்று.

திருப்பூரார்க்கு இவ்வரலாறு அயலானதன்று. பனியன் பின்னும் எந்திரமும் கடல் கடந்து வந்ததே. 1925இல் இவ்வூரில் அத்தொழிலுக்கு வித்திட்டவர் குலாம் காதர் என்பர். பிறர் கொணர்ந்த பொருளைத் தம் உழைப்பால் தமதாக்கிக் கொண்டோர் நம் மக்கள். ஆட்டத்திலும் அதுவே நிகழ்ந்தது.

ஆனால், தமதாக்கிக் கொண்டபின் அவர்கள் என் செய்கின்றனர் என்பதே உண்மைச் சோதனை. வாயிலின் வெளியே நின்று துன்புற்றோரின் வழித்தோன்றல்கள், பிறரை வாயிலின் வெளியே நிறுத்துதல் தகாது. நொய்யற்கரையில் ஆடும் இளைஞர்கள் இதனை நூல் கற்று அறிந்தவரல்லர். ஞாயிறுதோறும் செய்து காட்டுகின்றனர்.