இருபது சதவீதம்

வேர்க்கடலை வெண்ணெய்க் கதையிலிருந்து தொடங்கலாம். 1990களின் நடுவில் அமெரிக்காவில் அது வெகு பிரபலம். இரண்டு ஜாடியும் கொரகொரப்பாகக் கேட்ட கைதிக்கு ஒன்று நைசாக வந்துவிட்டதாம், அதுக்குப்போய் கோர்ட் படியேறிட்டானாம். மாநில அரசு வழக்கறிஞர்கள் இப்படிப்பட்ட கதைகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்க, செனட்டில் அவற்றைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மேல்முறையீட்டு நீதிபதி ஜான் நியூமன் அந்த வழக்குக் கட்டை எடுத்துப் படித்துப் பார்த்தார். தவறாக வந்த ஜாடியைக் கைதி திருப்பிக் கொடுத்திருக்கிறான். சரியானது வருவதற்குள் அவனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். கணக்கில் பிடித்த 2.50 டாலர் திரும்பவில்லை. வழக்கு அந்தப் பணத்துக்கு. வெளியே இருப்பவனுக்கு அது சில்லறை. உள்ளே இருப்பவனுக்கு எத்தனை நாள் உழைப்பு என்கிற கேள்வியைச் சிரிப்பு கேட்கவிடாமல் செய்தது. நியூமன் இதை எழுதியது 1996இல். அந்த ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி சிறைவழக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் கிளிண்டன் கையெழுத்திட்டார். ஒரு பெரிய நிதி ஒதுக்கீட்டு மசோதாவின் வயிற்றுக்குள் வைத்து அதைக் கடத்திக் கொண்டுவந்தார்கள்.

1892 சட்டம் ஏழைகள் முன்கட்டணமின்றி வழக்குத் தொடுக்க வழிவிட்டிருந்தது. கைதிகளும் பிற்காலத்தில் அந்த வழியாகத்தான் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அற்ப வழக்குகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் 1972இல் டெக்சாஸ் சிறையிலிருந்து டேவிட் ருயிஸ் கையால் எழுதி அனுப்பிய மனுவும் அதே குவியலில்தான் கிடந்தது. கைதிகளையே கங்காணிகளாக்கி மற்ற கைதிகளை அடித்து நொறுக்கவைத்த அந்த மாநிலச் சிறை அமைப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 1980இல் தீர்ப்பு வந்தது அந்த மனுவால்.

1996க்குப் பிறகு கைதி ஏழையானாலும் முழுக்கட்டணம் கட்டியே ஆகவேண்டும், தவணையில். ஆறுமாதச் சராசரி வரவு, சராசரி இருப்பு இரண்டில் எது அதிகமோ அதில் 20 சதவீதம் முதல் தவணை. அப்புறம் மாதந்தோறும் வரவில் 20 சதவீதம், கணக்கில் 10 டாலரைத் தாண்டும்போதெல்லாம். வழக்கு தள்ளுபடியானாலும் கடன் தள்ளுபடியாகாது. கையில் காலணா இல்லாதவனைத் தடுக்கக்கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி இருப்பதையும் சொல்லிவிடவேண்டும். அவனுக்கும் கடன் மட்டும் நிற்கும். 1996இல் கட்டணம் 120 டாலர், அவ்வாண்டு முடிவதற்குள் 150, 2006இல் 350. குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் இதே விதி.

இதைப் பண விவகாரமாக மட்டும் வாசிப்பது போதாது. கணக்கு விவரத்துக்குச் சான்று தரவேண்டியது சிறை அதிகாரி. மாதாமாதம் பிடித்து அனுப்புவதும் சிறைதான். அடித்தவன்மேல் புகார் சொல்லப் போகிறவன் அடித்தவனின் அலுவலகத்திலேயே போய்ச் சீட்டு வாங்கவேண்டும். அதிகாரம் இங்கே வாயைப் பொத்துவதில்லை; பேச்சுக்கு விலை போட்டு, கல்லாவில் தானே உட்கார்ந்துகொள்கிறது.

2016இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக இன்னொன்றும் சொன்னது: 20 சதவீதம் என்பது வழக்குக்கு வழக்கு தனித்தனி. ஐந்து வழக்கு நிலுவையில் இருந்தால் அந்த மாத வரவு மொத்தமும் போய்விடும். பல சிறைகளில் கூலி மணிக்குச் சில சென்ட். டெக்சாஸில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடையாது. அங்கே கைதியின் கணக்கில் வரவு என்று இருப்பது பெரும்பாலும் வீட்டிலிருந்து அம்மாவோ மனைவியோ சோப்புக்கும் தபால்தலைக்கும் அனுப்பும் காசு. பிடித்தம் அதில்தான் நடக்கிறது.